தெளிந்த தண்ணீரில் செத்த மீன்கள்



இந்த மாதம் மீன்தொட்டியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றால் உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பிரசங்கிக்க வேண்டிய ஊழியக்காரனுக்கு மீன்தொட்டியோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதையேதான் கேட்டார். ஆயினும் நான் என் பிள்ளைக்கு முன்பாக உட்கார்ந்து முதன்முதலாக மன்னிப்புக் கேட்டது இந்த மீன்தொட்டியினிமித்தமே. ஆகையால் பொறுமையோடு வாசியுங்கள். வீட்டில் மீன் வளர்க்க விரும்புகிறவர்களுக்கு இதில் பயனுள்ள காரியங்களும் உண்டு.

2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஊழியத்தின்பொருட்டுப் பெங்களூருக்கு வந்தோம். அல்சூர் ஏரிக்கு நடந்துபோகிற தூரத்தில் இரண்டாம் மாடியில் வாடகை வீடு. என் மகனுக்கு அப்போது 10 வயது. ஊரில் இருட்டும்வரை தெருவிலே கிடந்த பிள்ளை அவன். இங்கேயோ பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்; வீட்டுக்கு வந்தால் நான்கு சுவர்கள். மெல்ல மெல்ல வாய் திறவாதவனாகிவிட்டான். வேலை தேடியும் ஊழியத்துக்காகவும் ஊரைவிட்டு வந்த நம்மில் அநேகருக்கு இது தெரிந்த கதைதான். நாம் கூட்டத்துக்கும் வேலைக்குமாக ஓடிக்கொண்டிருப்போம். பிள்ளை ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் அவனைக் கப்பன் பூங்காவிலுள்ள அரசு மீன்காட்சியகத்துக்கு அழைத்துப்போனேன். 1983-இல் திறக்கப்பட்ட இடம் அது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரு தொட்டியின் முன்பாக வெகுநேரம் நின்றான். திரும்பி வரும்போது பேருந்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். அந்தச் சந்தோஷத்தில், அடுத்த பிறந்தநாளுக்கு இரண்டு அடி நீளத்தில் ஒரு கண்ணாடித்தொட்டி வாங்கிக்கொடுத்தேன். ஏறக்குறைய 70 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தொட்டி, மோட்டார், ஸ்பாஞ்சு வைத்த ஃபில்டர், நிறமேற்றிய கல், பிளாஸ்டிக் செடி, நான்கு தங்கமீன்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கடையில், ஒரே மாலையில் வாங்கினேன். அன்றிரவே மீன்கள் நீந்தின. ஒரு வார்த்தை எச்சரிப்பார் யாருமில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் ஒன்று செத்து மிதந்தது. நான் சுத்தத்தில் வைராக்கியமுள்ளவன். சனிக்கிழமைதோறும் ஞாயிறு ஆராதனைக்காக வீட்டைக் கழுவித் துடைப்பதுபோலத் தொட்டியையும் கழுவத் தீர்மானித்தேன். தண்ணீர் முழுவதையும் இறைத்தேன். கல்லை வெந்நீரில் அலசினேன். ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து, பழுப்பு நிறம் போய் வெண்மையாகும்வரை பிழிந்தேன். புதுத்தண்ணீர் நிரப்பியபோது தொட்டி பளிங்குபோல் இருந்தது. புதன்கிழமை இன்னொன்று செத்தது. அடுத்த சனிக்கிழமை இன்னும் வைராக்கியமாய்க் கழுவினேன்.

என் மகனோ ஜெபித்துக்கொண்டிருந்தான். குடும்ப ஜெபத்தில் ஒவ்வொருவரும் சத்தமாய் ஜெபிப்பது எங்கள் வழக்கம். அவன் முறை வரும்போது மற்ற எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மீன்களுக்காக மட்டும் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் தான் வைத்த பெயரைச் சொல்லி ஜெபிப்பான். மூன்றாம் வாரத்தில் கடைசி மீனும் செத்தது. நான் ஞாயிறு செய்திக்காகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கதவருகே வந்து நின்றான்.

“அப்பா, நான் ஜெபம் பண்ணேனே, அப்புறம் ஏன் செத்துப்போச்சு?”

தலை நிமிராமல் சொன்னேன்: “ஜெபிக்கும்போது மனசுல சந்தேகம் இருந்திருக்கும் தம்பி. சந்தேகப்பட்டா பெற்றுக்கொள்ள முடியாதுன்னு யாக்கோபு எழுதியிருக்காரே.”

வேதாகமக் கல்லூரியில் யாக்கோபின் நிருபத்தை ஒரு பருவம் முழுவதும் படித்தவன் நான். அந்த அதிகாரம் யாருக்கு எழுதப்பட்டது, எதைக் கேட்பதைப் பற்றி எழுதப்பட்டது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஞானத்தைக் கேட்பதைப் பற்றியே அப்போஸ்தலன் அங்கே பேசுகிறார். அந்த ஞானம் அந்த வீட்டில் யாருக்குத் தேவைப்பட்டதென்று இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

அன்று முதல் குடும்ப ஜெபத்தில் அவன் வாய் திறக்கவில்லை. முழங்காற்படியிடுவான், கண்ணை மூடுவான், ஆமென் சொல்லுவான், அவ்வளவே. சிறுவன், போகப்போகச் சரியாகிவிடும் என்றிருந்தேன். இரண்டு மாதமாயிற்று. எனக்குள் ஒரு பயம் வந்தது.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. மீன்தொட்டிக்கு ‘அக்குவேரியம்’ என்னும் பெயரை உலகத்தில் வழங்கச்செய்தவர் ஃபிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர். 1853-இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் அமைந்த முதல் மீன்காட்சியகத்துக்கு உயிரினங்களைச் சேகரித்துக்கொடுத்தவர்களில் ஒருவர். 1854-இல் அந்தப் பெயரிலேயே புத்தகம் எழுதினார். அவர் பிரெதரன் சபை விசுவாசி. கடலோரச் சிற்றூர் ஒன்றில் சபையை நடத்திய போதகர். கர்த்தருடைய வருகைக்காக அனுதினமும் காத்திருந்தவர். அவருடைய ஒரே மகன் எட்மண்ட் வளர்ந்தபின் தகப்பனுடைய விசுவாசத்தை விட்டு விலகினார். அந்தக் கதையை அவரே 1907-இல் ‘தகப்பனும் மகனும்’ என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகமாக எழுதினார். கல்லூரியில் இதைக் கேட்டபோது, அடுத்தவன் வீட்டுக் கதையாகவே கேட்டேன். காலியான தொட்டி ஒரு மூலையிலும் வாய்மூடிய பிள்ளை ஒரு மூலையிலும் இருந்த அந்த நாட்களில், அது என் வீட்டுக் கதையாகத் தோன்றிற்று.

அப்படியிருக்கையில் எங்கள் சபைக்கு வரும் சகோதரர் ஒருவர் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். சென்னை கொளத்தூர்க்காரர். கொளத்தூர் வண்ணமீன்களுக்குப் பேர்போன இடம் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். வீட்டு மாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டி மீன்குஞ்சு பொரித்து விற்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். இவரும் அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து, இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு வந்தவர். காலித் தொட்டியைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன்.

“ஸ்பாஞ்சை எதுல கழுவினீங்க பாஸ்டர்?”

“குழாயடியில்தான். வெள்ளையாகிறவரைக்கும்.”

சற்றுநேரம் பேசாமலிருந்தார். போதகரிடம் எப்படிச் சொல்வதென்று தயங்குகிறார் என்று புரிந்தது. பிறகு சொன்னார்: “அதுலதான் பாஸ்டர் உயிரே இருந்துச்சு.”

அவர் விளக்கியதை என் வார்த்தைகளில் எழுதுகிறேன். மீன் தன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளிவிடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே உண்டாகும். அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. பளிங்குபோன்ற தண்ணீரிலும் மீனைக் கொல்லும் விஷம் அது. தண்ணீர் எவ்வளவு காரமாகவும் வெப்பமாகவும் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் கொடுமையும் மிகுதி. ஆறுகளிலும் குளங்களிலும் ஒருவகை நுண்ணுயிர்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் விஷமே. வேறுவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் அளவு மிஞ்சாதவரை மீனுக்குப் பெரிதாய்க் கெடுதல் செய்யாது. செடிகளுக்கோ அது உரம். இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதந்து திரிவதைவிட ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. புதுத்தொட்டியில் அவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நானோ வாரந்தோறும் அவற்றைக் குளோரின் கலந்த குழாய்த்தண்ணீரில் கழுவிக் கொன்றேன். எதை அழுக்கென்று பிழிந்தேனோ, அதுவே மீன்களைக் காக்கவேண்டியதாயிருந்தது.

“தண்ணி தெளிவா இருக்கிறது வேற, பழகின தண்ணி வேற பாஸ்டர்” என்றார் அவர்.

அவர் போனபின் மகனைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தேன். எனக்குத் தொண்டை வறண்டது. உன் ஜெபத்தில் ஒரு குறையுமில்லை, நீ நம்பிக்கையோடுதான் ஜெபித்தாய், மீன்களைக் கொன்றது அப்பாதான், அறியாமல் கொன்றேன், அறியாததை மறைத்து உன்மேல் பழி போட்டேன், என்னை மன்னித்துவிடு என்றேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான் என்றெழுதினால் உங்களுக்கு வாசிக்க நன்றாயிருக்கும். அப்படி நடக்கவில்லை. “ஸ்பாஞ்சைக் கழுவாம இருந்திருந்தா உயிரோட இருந்திருக்குமா?” என்று கேட்டான். இருந்திருக்கலாம் என்றேன். எழுந்து போய்விட்டான்.

மறுவாரம் கொளத்தூர்ச் சகோதரர் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறையப் பழுப்புநிறத் தண்ணீர் கொண்டுவந்தார். தம் வீட்டுத் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்த தண்ணீர். தேய்த்து மினுக்கி வைத்திருந்த என் தொட்டியில் அதை அப்படியே ஊற்றினார். என் முகம் போன போக்கைப் பார்த்து மகன் சிரித்துவிட்டான். வெகுநாளைக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

இம்முறை மீனுக்கு முன்பாகச் செடிகளை வைத்தோம். ஞாயிறு பள்ளியில் படித்ததை நினைத்து, “மூணாம் நாள் செடி, அஞ்சாம் நாள்தானே மீன்?” என்று அவனே கேட்டான். ஆதியாகமத்தை மீன்தொட்டி அமைக்கும் கையேடாக்கிப் பிரசங்கிப்பவர்களின் கூட்டத்தில் நான் சேரவில்லை. வேதம் அதற்காக எழுதப்படவில்லை. ஆனாலும் சிருஷ்டிகர் இடத்தை ஆயத்தம்பண்ணிய பிறகே குடியிருப்பவரைக் கொண்டுவந்தார் என்பதை அந்தச் சிறுவன் கண்டுகொண்டது எனக்குச் சந்தோஷமாயிருந்தது.

செடிகள் தண்ணீருக்குச் செய்யும் நன்மையை மனிதர் கண்டுபிடித்த கதையும் சுவையானதே. 1771-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சபைப்போதகராயிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த மூடிய கண்ணாடிக்குள் புதினாக்கிளை ஒன்றை வைத்தார். சுமார் பத்து நாட்களுக்குப்பின் அதே காற்றில் மெழுகுவர்த்தி மறுபடியும் எரிந்தது. அவருடைய உபதேசத்தை நாம் ஏற்கமாட்டோம். திரித்துவத்தை மறுதலித்தவர் அவர். ஆயினும் புதினா பொய் சொல்லவில்லை. 1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்னும் லண்டன் வேதியியலாளர், சுமார் 12 கேலன் கொண்ட பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் வைத்துத் தாம் செய்த சோதனையை வெளியிட்டார். அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கிற்று. குளத்து நத்தைகளைச் சேர்த்தார்; அவை அழுகலைத் தின்றன; தண்ணீர் தெளிந்தது. மீனையும் செடியையும் போலவே, நாம் அருவருக்கும் நத்தைக்கும் அங்கே வேலையிருந்தது.

செடிகளில் எதை வைப்பது? எளியவற்றையே வையுங்கள். ரிப்பன்போல் நீண்ட இலையுள்ள வாலிஸ்னேரியாவும், ஹைட்ரில்லாவும் நம் நாட்டு நீர்நிலைகளிலேயே வளர்பவை. விரைவாய் வளர்வதால் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் விரைவாய் உறிஞ்சிக்கொள்ளும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் ஆகிய இரண்டும் குறைந்த வெளிச்சத்திலும் பிழைக்கும். ஆனால் அவற்றின் தண்டுக்கிழங்கைக் கல்லுக்குள் புதைத்தால் அழுகிவிடும். ஒரு கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிடவேண்டும். நான் முதலில் புதைத்தேன் என்று சொல்லவும் வேண்டுமோ!

கிரிப்டோகோரைன் என்று ஒரு செடியுண்டு. அதன் சில இனங்கள் நம் தென்னிந்திய ஆறுகளிலேயே காணப்படுபவை. சகோதரர் தம் தொட்டியிலிருந்து பிடுங்கி இரண்டு கொடுத்தார். நட்ட நான்காம் நாள் இலைகளெல்லாம் கண்ணாடிபோலாகிக் கரைந்து உதிர்ந்தன. செத்துவிட்டது என்று பிடுங்கப்போனேன். தொலைபேசியில் அவர் தடுத்தார். “இடம் மாத்தினா அது அப்படித்தான் பாஸ்டர். பழைய தண்ணிக்கு வந்த இலை புதுத் தண்ணியில நிக்காது. வேர் இருக்குதில்ல? விட்டுடுங்க.” மூன்று வாரம் கழித்து, மொட்டையாய்க் கிடந்த இடத்தில் புதிய இலை முளைத்தது. பழைய இலையைவிடச் சற்று நிறம் மாறியிருந்தது. என் மகன் அதைத்தான் தினமும் முதலில் பார்ப்பான்.

மீனில்லாத தொட்டிக்குமுன் ஆறு வாரம் உட்கார்ந்திருந்தோம். நுண்ணுயிர்களுக்கு ஆகாரமாகத் தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனி போடுவது மகனுடைய வேலை. வீட்டுக்கு வந்த விசுவாசிகள், “என்ன பாஸ்டர், மீனே இல்லையே?” என்பார்கள். “இருக்கு, கண்ணுக்குத் தெரியாது” என்பான் அவன். நான்காம் வாரத்தில் ஓரிரவு, குடும்ப ஜெபத்தில் அவன் முறை வந்து நாங்கள் வழக்கம்போல் அவனைத் தாண்டப்போகும்போது, மெதுவாய் அவன் குரல் கேட்டது. தண்ணீரிலிருக்கிற குட்டி உயிர்களையெல்லாம் ஆசீர்வதியும், அப்பா அவைகளைக் கழுவிவிடாதபடி பார்த்துக்கொள்ளும் என்று ஜெபித்தான். நான் ஆமென் என்றேன். அப்படிப்பட்ட ஆமெனை நான் அதிகம் சொன்னதில்லை.

இனி, தொட்டி வைக்க விரும்புகிறவர்களுக்குச் சில காரியங்கள். தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்து அந்த இரண்டடித் தொட்டியே ஏறத்தாழ 100 கிலோ எடை வரும். ஆட்டமில்லாத மேஜையில், நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். விளக்கு தினமும் எட்டு மணி நேரத்துக்கு மிஞ்சவேண்டாம்; மிஞ்சினால் செடிக்குப் பதிலாய்ப் பாசி வளரும். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். காவேரித் தண்ணீரில் குளோரின் இருப்பதால், திறந்த வாளியில் ஒருநாள் வைத்திருந்து ஊற்றுங்கள். அவசரமானால் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தைச் சில சொட்டுகள் விடலாம். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த அதே தண்ணீரில் லேசாய் அலசுங்கள். அழுக்கு கொஞ்சம் இருக்கட்டும்.

தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீருமளவுக்குப் போதும். மீன்கள் செத்தால், பசியால் செத்தவை குறைவு. நம் அன்பால் செத்தவையே அதிகம். நோய் வந்தால் எலிசா எரிகோவின் ஊற்றில் உப்புப் போட்டதை நினைத்துக்கொண்டு கல்லுப்பை அள்ளிப் போடாதீர்கள், செடிகள் தாங்கா. நோயுற்ற மீனை வேறொரு பாத்திரத்தில் வைத்து வைத்தியம் செய்யுங்கள். பெங்களூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலிருப்பதால் மார்கழி இரவுகளில் தண்ணீர் குளிர்ந்துபோகும். ஃபைட்டர் போன்ற வெப்பநாட்டு மீன்களுக்கு ஹீட்டர் தேவை. இரவில் செடிகளும் பிராணவாயுவையே எடுத்துக்கொள்ளுமாதலால் காற்று மோட்டாரை அணைக்கவேண்டாம். தங்கமீன் செடிகளைக் கடித்துப் பிடுங்கும், பெரிதாய் வளரும். சிறு தொட்டிக்கு ஆகாது. போர்வெல் தண்ணீர் வருகிற வீடுகளில் கப்பி, மாலி, பிளாட்டி வகைகள் நன்றாய்ப் பிழைக்கும். கடினத்தன்மையுள்ள தண்ணீர் அவைகளுக்கு ஏற்றது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாய்ச் சொல்லுகிறேன். சலித்துப்போனால் மீனையோ செடியையோ ஏரியில் விடாதீர்கள். பாவம், பிழைக்கட்டும் என்று நினைத்து விடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். தொட்டி சுத்தம்செய்ய வாங்கும் சக்கர் மீன் தமிழகத்திலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களுக்குக் கேடாயிருக்கிறது. நம் ஏரிகளை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையும் தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடியே.

ஏரியைப் பற்றிச் சொல்லும்போது 2016 மார்ச் மாதம் நினைவுக்கு வருகிறது. அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே நாளில் செத்துக் கரையொதுங்கின. கழிவுநீர் கலந்ததாலும் கோடை வெப்பத்தாலும் தண்ணீரில் பிராணவாயு குறைந்ததே காரணம் என்றார்கள். மகனுக்கு அப்போது 16 வயது. நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையில் நின்றோம். சிலர் இது அபசகுனம் என்று பேசிக்கொண்டார்கள். விசுவாசி ஒருவரும் என்னிடம் வந்து, இது என்ன அடையாளம் பாஸ்டர் என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மகன் சொன்னான்: “அடையாளம் இல்ல அங்கிள், அம்மோனியாவும் ஆக்சிஜனும்தான். நாமதான் சாக்கடையை விட்டிருக்கோம்.” அவனை அதட்ட எனக்குத் தோன்றவில்லை.

2024 கோடையில் மறுபடியும் ஒரு சோதனை. போர்வெல்கள் வற்றின. மார்ச் மாதத்தில் குடிநீர் வாரியம், கார் கழுவுவதற்கும் தோட்டத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. எங்கள் தெருவில் சகோதரிகள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். போதகர் வீட்டில் 70 லிட்டர் தண்ணீரில் மீன் நீந்துகிறது என்றால் யாருக்குத்தான் உறுத்தாது? எனக்கே உறுத்திற்று. தொட்டியை எடுத்துவிடலாமா என்று, அப்போது சென்னையில் வேலைக்குப் போயிருந்த மகனிடம் கேட்டேன். இருக்கிற தண்ணீரைக் கொட்டினால் யாருக்கும் குடிக்கக் கிடைக்கப்போவதில்லை, மீனைக் குறைத்துச் செடியைப் பெருக்குங்கள் என்றான். அப்படியே பாதி மீன்களைச் சகோதரருக்குக் கொடுத்தேன். செடி அடர்த்தியாயும் மீன் குறைவாயும் இருந்தபடியால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 10 லிட்டர் மாற்றினாலே போதுமாயிருந்தது. எடுத்த தண்ணீரைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொண்டோம். நைட்ரேட் கலந்த அந்தத் தண்ணீரில் கறிவேப்பிலை தழைத்ததைச் சபையிலுள்ள பலர் கண்டார்கள். சிலர் கொத்தோடு ஒடித்தும் போனார்கள். லாரித் தண்ணீர் கடினமானதாகையால் சிறிது சிறிதாய் ஊற்றினேன். ஆனாலும் டெட்ரா மீன்கள் மூன்று செத்தன. கப்பிகள் தப்பின. அவ்வாண்டு அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டபோது, 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மேட்டுக்கு ஏற்றப்பட்டு வருகிற ஒவ்வொரு வாளித் தண்ணீரையும் சற்று மரியாதையோடே பார்க்கப் பழகியிருந்தோம்.

அந்தத் தொட்டி இப்போதும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. கண்ணாடி ஒருமுறை மாற்றப்பட்டது. கிரிப்டோகோரைன் ஒரு மூலை முழுவதையும் அடைத்துவிட்டது. சனிக்கிழமை மாலைகளில் மகன் சென்னையிலிருந்து வீடியோவில் அழைப்பான். அம்மாவின் முழங்கால் வலியை விசாரிப்பான், சபையை விசாரிப்பான். பிறகு கேட்பான்: “அப்பா, ஸ்பாஞ்சை எதுல கழுவினீங்க?”

“தொட்டித் தண்ணீரில்தான் தம்பி.”

“வாளியைக் காட்டுங்க.”

கைபேசியை வாளிக்கு மேலே பிடிப்பேன். தண்ணீர் பழுப்பாயிருக்கிறது என்று பார்த்துச் சிரிப்பான். அதன் பின்னரே ஜெபிக்கத் தொடங்குவோம். முதலில் அவன் ஜெபிப்பான்.